விகடகவியைத் திருப்பிப் போட்டால்

மகளுக்கு ஆறாம் வகுப்பு. தமிழ் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் சொற்கள் இருபது எழுதி வர வேண்டும். விகடகவி, தேரு வருதே, பாப்பா, தாத்தா என்று எட்டு வரைக்கும் மடமடவென்று எழுதிவிட்டாள். ஒன்பதாவதில் பேனாவைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற? அதுகிட்ட கேட்டுச் சொல்லேன்."

அடுப்பில் குக்கர் ஒரு விசில் விட்டிருந்தது. நாலாவது விசிலுக்குள் முடிகிற வேலைதான். சொல்லை எடு, திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றா பார். புரோகிராமிங் படிக்கிற யாரும் முதல் வாரத்திலேயே எழுதிப் பார்க்கும் பயிற்சி இது. லேப்டாப்பில் ஒரு தமிழ்ச் சொற்பட்டியல் ஏற்கெனவே கிடந்தது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் நாலு வரி எழுதி, பட்டியலை ஓட்டும் முன் சரிபார்க்க விகடகவியைக் கொடுத்தேன்.

"இல்லை" என்று வந்தது.

எழுத்துப்பிழையோ என்று திரும்பவும் அடித்தேன். அதே பதில். வேண்டுமென்றே தப்பாக 'காக' என்று கொடுத்தால், "ஆமாம், இரண்டு பக்கமும் ஒன்றுதான்" என்கிறது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தமிழே தெரியலம்மா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். காரணம் உடனே புரிந்துவிட்டது என்று சொன்னால் கெத்தாக இருக்கும். உண்மையில், திருப்பிப் போட்ட சொல்லைத் திரையில் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அது இப்படி இருந்தது: ◌ிவகடகிவ.

முதலில் நிற்கும் அந்தப் புள்ளி வட்டத்தைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காமல் ஒரு மேல்விலங்கு ('வி'யின் தலையில் வளைகிற கோடு) அந்தரத்தில் தொங்கினால் கம்ப்யூட்டர் அதற்குக் கொடுக்கும் வாடகை வீடு அது. விகடகவியின் கடைசி எழுத்து 'வி'. திருப்பினால் 'வி'தான் முதலில் வர வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் 'வி'யை 'வ' என்றும் மேல்விலங்கு என்றும் இரண்டாகப் பிய்த்து, விலங்கை முதலில் வைத்துவிட்டது.

ஏன் பிய்க்கிறது? கம்ப்யூட்டருக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது, எண்தான் தெரியும். உலகத்தில் எழுதப்படும் மொழிகளின் குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் பெரிய அட்டவணைதான் யூனிக்கோடு. ஒருங்குறி என்பதும் இதைத்தான். அதன் முதல் பதிப்பு 1991இல் வந்தது. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இருக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்திருப்பது 72இல் மட்டும்.

நமக்கோ 247 எழுத்து. 72 இருக்கையில் எப்படி? பழைய அச்சகங்களில் அச்சுக் கோத்தவர்களைக் கேட்டால் விடை கிடைக்கும். கொம்பு, கால் போன்றவை அங்கே தனித்தனி அச்சுகளாக இருந்தன. யூனிக்கோடிலும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். 'அ' முதல் 'ஔ' வரை உயிருக்குத் தனி எண், 'க' முதல் அகரமேறிய எழுத்துகளுக்குத் தனி எண், பிறகு கால், விலங்கு, கொம்பு, புள்ளி போன்ற ஒட்டுகளுக்குத் தனி எண். கி, கு, கொ எல்லாம் கூட்டிச் செய்துகொள்ள வேண்டியவை. தமிழ் எண்கள், சில கிரந்த எழுத்துகள், நாள், மாதம், வருடத்துக்கான பழைய சுருக்கக் குறிகள் ஆகியவையும் சேர்ந்துதான் 72.

ஆகவே நாம் 'விகடகவி' என்று அடித்தால் உள்ளே பதிவாவது இது: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. அதாவது வ, மேல்விலங்கு, க, ட, க, வ, மேல்விலங்கு. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு எண். ஏழையும் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். 3007இல் ஆரம்பிக்கும். 'காக' ஏன் தேறியது என்பதும் இப்போது தெரியும். க, கால், க. இதைத் திருப்பினாலும் க, கால், க.

இந்த எண்கள் ஒவ்வொன்றையும் எங்கள் ஆட்கள் கோட் பாயின்ட் என்பார்கள். செல்ஃபோனிலேயே இதைப் பார்க்கலாம். 'கி' என்று அடித்து ஒரே ஒரு தடவை அழிக்கும் பொத்தானைத் தட்டுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் எழுத்து முழுக்கப் போகாது. விலங்கு மட்டும் கழன்று 'க' மிஞ்சும். அழிந்தது ஓர் எழுத்து இல்லை, ஒரு கோட் பாயின்ட்.

இன்னொரு விளையாட்டும் உண்டு, குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். 'விகடகவி' என்று சொல்லி ஒலிப்பதிவு செய்து, அதைத் தலைகீழாக ஓடவிட வேண்டும். இதற்கு இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. கேட்பது விகடகவி இல்லை, ஏறத்தாழ 'இவகடகிவ்'. ஒலிகளைப் பிரித்தால் வ்-இ-க்-அ-ட்-அ-க்-அ-வ்-இ. திருப்பினால் இ-வ்-அ-க்-அ-ட்-அ-க்-இ-வ். இப்போது புரோகிராம் கொடுத்த '◌ிவகடகிவ'வை மறுபடி பாருங்கள். கிட்டத்தட்ட அதே சொல்! கம்ப்யூட்டர் உளறவில்லை. கண் பார்க்கிற வரிசையை விட்டுவிட்டு வாய் சொல்கிற வரிசையில் தமிழைச் சேமித்து வைத்திருக்கிறது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். 'கெ' எழுதும்போது கையால் கொம்பை முதலில் போடுகிறோம், பிறகுதான் 'க'. வாய் என்ன செய்கிறது? க் முதலில், எ பிறகு. யூனிக்கோடு வாயின் பக்கம். உள்ளே 'க' முதலில் இருக்கும், கொம்பு பின்னால் இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் கொம்பைத் தூக்கி இடதுபக்கம் வைப்பது எழுத்துருவின் வேலை.

சரி, 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது (த, ம, விலங்கு, ழ, புள்ளி). கோப்பாகச் சேமித்துவிட்டு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தால் பதினைந்து பைட். மூன்று பதிலும் சரிதான். கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதுதான் தெளிவாக இருக்க வேண்டும். "பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு படிவம் சொன்னால், அதை எழுதிய புரோகிராமர் இந்த மூன்றில் எதை நினைத்து எழுதினார் என்று அவருக்கே பெரும்பாலும் தெரியாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் புரோகிராமராக நானும் இருந்திருக்கிறேன்.

பதினைந்து எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் வைக்க முடியும். 'க'வின் எண் 2965. ஒரு பைட்டுக்குள் அடங்காது. பெரிய எண்களைப் பைட் பைட்டாக உடைத்து வைக்க ஒரு முறை வேண்டும். இன்றைக்கு இணையம் முழுக்க ஆள்வது யூடிஎஃப்-8 என்ற முறை. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கம்ப்யூட்டர் விஞ்ஞானி கென் தாம்ப்சன் அதன் வடிவத்தை எழுதினார், கூட அவரோடு வேலை பார்த்த ராப் பைக் இருந்தார். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்று அதில் வந்து விழுகிறது. 'க' 224, 174, 149 என்று மூன்றாகப் போகிறது. நம் அட்டவணையின் எல்லாக் குறிகளும் 224இல் ஆரம்பித்து, அடுத்து 174 அல்லது 175 என்று வரும். ஐந்து குறி, மூன்று மூன்று பைட், ஆக 15.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், எல்லோரும் ஒருமுறையாவது பட்ட அவதி ஒன்றுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது. தமிழ் விவரங்கள் உள்ள கோப்பை விரிதாளில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதோ புழு நெளியும். உற்றுப் பார்த்தால் இரண்டு உருவம் மட்டும் விடாமல் வரும். தலையில் சாய்ந்த கீற்று வைத்த ஆங்கிலச் சின்ன ஏ ஒன்று, வட்டத்துக்குள் ஆர் ஒன்று. திறந்த மென்பொருள் அதை யூடிஎஃப்-8 என்று அறியாமல் ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணையை வைத்துப் படித்துவிட்டது. அந்த அட்டவணையில் 224 என்றால் கீற்று வைத்த ஏ, 174 என்றால் வட்டத்து ஆர். கோப்பு கெடவில்லை. படித்தவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் அப்படியே திரும்பி வரும். ஆனால் அந்தப் புழுவோடு ஒருமுறை சேமித்துவிட்டால் மீட்பது பாடு.

(தமிழ்க் குறி எல்லாமே மூன்று பைட் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முந்திரி என்கிற முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, மாகாணி என்கிற பதினாறில் ஒரு பங்கு போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிக்கோடுக்குள் வந்தன. பழைய இருக்கை வரிசையில் வைக்காமல் தூரத்தில், 73664ஆம் எண்ணிலிருந்து குடியேற்றியிருக்கிறார்கள். அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும்.)

எஸ்எம்எஸ்ஸில் கதை வேறு. ஒரு செய்திக்கு 140 பைட் என்பது கணக்கு. ஆங்கில எழுத்துகளை ஏழேழு பிட்டாக (எட்டு பிட் ஒரு பைட்) நெருக்கி அடுக்கி அதில் 160 எழுத்து ஏற்றிவிடுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்துவிட்டால் பொதுவாகச் செய்தி முழுக்கக் குறிக்கு இரண்டு பைட் என்று மாறிவிடும். 140ஐ இரண்டால் வகுத்தால் 70. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் நிறுத்தத்தை எல்லோருக்கும் தெரிவிக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது இப்படி ஒரு செய்தி எழுதினேன்: "நாளை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது. தொட்டிகளை நிரப்பி வைத்துக்கொள்ளவும்." இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் 58தான் வருகிறது. 70க்குள் இருக்கிறதே என்று அனுப்பினேன். இரண்டு செய்திக்கான காசு போனது. கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் 89. "நிரப்பி" என்பதோடு 70 தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் 'நிரப்பி வைக்கவும்' என்று எழுதிப் பழகிக்கொண்டேன். அதற்கும் 70க்கு மேல் போகிறது. கடைசியில் தொட்டியை விட்டுவிட்டேன், தண்ணீர் வராது என்று தெரிந்தால் நிரப்பத் தெரியாதா என்ன?

மகளின் வீட்டுப்பாடத்துக்குப் போகும் முன் அம்மாவின் புகாரையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

அப்பா தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, வடகம், ஊறுகாய் எல்லாவற்றின் அளவையும் அம்மா சொல்லச் சொல்ல அடித்து வைத்தார். அந்தக் காலத்தில் பாமினி எழுத்துரு. டைப்ரைட்டரில் பழகிய விரலுக்கு அது வாகாக இருந்தது. யூனிக்கோடு பரவாத நாளில் இந்த மாதிரி எழுத்துருக்கள் செய்தது ஒரு தந்திரம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான், உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிடுவார்கள். பாமினியில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்து அந்த ஆங்கில எழுத்துகள் பல்லிளிக்கும்.

அந்தக் கோப்புகளை எல்லாம் ஒரு மாற்றி மென்பொருளை வைத்து யூனிக்கோடாக மாற்றி, அம்மாவின் ஃபோனில் தேடுகிற மாதிரி ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்தேன். இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"என்னடி இது, கொத்தமல்லின்னு போட்டா ஒண்ணுமே இல்லைங்குது. சாம்பார்ப் பொடியைத் திறந்தா முதல் வரியே கொத்தமல்லிதான் இருக்கு. கண்ணு முன்னாடி இருக்கிறதை இல்லைன்னு சொல்ற ஆளை இப்பதான் பாக்குறேன்."

மிளகாய் வந்தது. வெந்தயம் வந்தது. சீரகம், பெருங்காயம், துவரம் பருப்பு எல்லாம் வந்தன. கொத்தமல்லி, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, தோசை மிளகாய்ப்பொடி இவை மட்டும் வரவில்லை. இந்த நான்கையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் திருடன் அகப்படுவான். கொ, பொ, கொ, தோ. எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டு உள்ளவை.

'கொ' என்பதை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுத வழி இருக்கிறது. 'ஒகர ஒட்டு' என்று முழுசாக ஒரு குறி உண்டு, எண் 3018. ஆகவே 2965, 3018 என்று இரண்டு எண்ணில் 'கொ' முடிந்துவிடும். இல்லையென்றால் ஒற்றைக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று பிரித்து 2965, 3014, 3006 என மூன்று எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அம்மாவின் ஃபோன் முதல் விதமாக அடிக்கிறது. அப்பாவின் கோப்போ பாமினியிலிருந்து வந்தது. பாமினியில் கொம்பு, க, கால் என்று கண் பார்க்கிற வரிசையில் மூன்று தட்டு. அந்த மாற்றி மென்பொருள் கொம்பை எடுத்து 'க'வுக்குப் பின்னால் போட்டது வரைக்கும் சரி. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்க மறந்துவிட்டது. தேடும்போது கம்ப்யூட்டர் எண்ணைத்தான் ஒப்பிடும். 3018ஐத் தேடினால் 3014 எப்படிக் கிடைக்கும்?

மருந்து யூனிக்கோடிலேயே இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுதான் என்று அந்த அட்டவணையே எழுதி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு நார்மலைஸ் செய்வது என்று பெயர். சேர்த்து எழுதும் வடிவத்தை என்எஃப்சி என்பார்கள் (கடையில் ஃபோனைத் தொட்டுப் பணம் கட்டுகிற என்எஃப்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பைத்தானில் ஒரே வரி. சேமிக்கும்போது ஒருமுறை, தேடும்போது ஒருமுறை அந்த வரியைப் போட்டதும் கொத்தமல்லி வந்துவிட்டது. தமிழில் தேடல் வைத்து ஏதாவது செய்கிறவர்கள் இந்த ஒரு வரியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஆனால் நார்மலைஸ் எல்லா நோய்க்கும் சுக்குக் கஷாயம் கிடையாது. 'ஔவை' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து 'ஒளவை' ஆக்குகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஒன்றேபோல இருப்பதால் தப்பு என்றே தெரியாது. பௌர்ணமி, கௌரி இவற்றுக்கும் இதே கதி, கொம்பு, எழுத்து, ளகரம் என்று அடித்துவிடுவார்கள். யூனிக்கோடுக்கு இது உண்மையிலேயே வேறு சொல், ஒளியில் வருகிற 'ஒள'. எந்த நார்மலைசும் தொடாது. கால், 'ர' இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ் எண் ௧ வேறு, எழுத்து க வேறு. இவற்றையெல்லாம் பிடிக்கத் தனியாக உட்கார்ந்து விதி எழுத வேண்டும். அப்பாவின் ஊறுகாய்க் கோப்பில் மட்டும் இப்படிப் பதினொன்று பிடித்தேன்.

அகரவரிசையும் ஒரு தொல்லை. யூனிக்கோடில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் 'மனம்' முன்னால், 'மயில்' பின்னால். அகராதியில் தலைகீழ். தமிழ் வரிசைக்கான தனி விதிகள் தயாராகவே கிடைக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தினால் தீர்ந்தது.

தமிழாசிரியர் யாரிடமாவது இதையெல்லாம் சொன்னால் அவர்களுக்கு வேறொரு இடத்தில் கோபம் வரும். நம் இலக்கணத்தில் க் என்பதே அடிப்படை, க் + அ = க. யூனிக்கோடில் 'க'தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி என்கிற 3021ஐ வைத்தால் க். மெய் என்பது கழித்தல் கணக்காகிவிட்டது. காரணம், 1988இல் இந்திய எழுத்து முறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே அச்சில் வார்த்த இஸ்கி என்ற தரத்தை யூனிக்கோடு அப்படியே பின்பற்றியதுதான். 247க்கும் தனித்தனி எண் வேண்டும் என்ற வாதமும் பலமாக எழுந்தது. அந்த வழியில் செய்யப்பட்ட டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் யூனிக்கோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. இலக்கணப்படி பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. விகடகவி அதில் ஐந்தே எண்ணாக இருந்து, என் நாலு வரி புரோகிராம் முதல் தடவையிலேயே தேறியிருக்கும். ஆனால் புரோகிராமராக என் ஓட்டு யூனிக்கோடுக்குத்தான். ஒரு குறிக்குக் கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்று அவர்கள் உறுதி கொடுத்திருக்கிறார்கள். நான் இன்று எழுதும் ஊறுகாய் அளவை என் பேத்தி எந்த மாற்றியும் இல்லாமல் படிக்கலாம் என்றால், புள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததை நான் பொறுத்துக்கொள்வேன். அதோடு, கையால் எழுதும்போது நாமும் 'க' எழுதிவிட்டுத்தானே புள்ளி வைக்கிறோம்?

இனி வீட்டுப்பாடம். கோட் பாயின்டைத் திருப்பாமல் எழுத்தைத் திருப்ப வேண்டும். அதற்கும் யூனிக்கோடு வழி சொல்லி வைத்திருக்கிறது. பயனர் ஓர் எழுத்தாக நினைக்கும் கொத்துக்கு கிராஃபீம் கிளஸ்டர் என்று பெயர். ஒட்டுகளை அவற்றின் எழுத்தோடு சேர்த்து ஒரு கொத்தாக வை, பிறகு எண்ணு என்கிற விதி அது. தமிழுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. தாத்தாவைக் கொடுத்தால் தா, த், தா என்று மூன்றாகவே பிரியும், நாம் பள்ளியில் பிரிக்கிற மாதிரியே. க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாக உடையும், அது ஒன்றா இரண்டா என்று நமக்குள்ளேயே முடிவாகாததால் விட்டுவிடலாம். ஸ்விஃப்ட் மொழியில் நீளம் கேட்டால் நேராக இந்தக் கணக்கையே சொல்லும், 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்று. பைத்தானில் ரீஜெக்ஸ் என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்த்துக்கொண்டு முதலில் விகடகவி. "ஆமாம்." பிறகு 'காக'. "இல்லை." கொஞ்சம் பேராசைப்பட்டு, ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றிலிருந்து முதல் பாட்டைக் கொடுத்தேன். "யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா" என்று போய், அங்கிருந்து அதே வழியில் திரும்பி வரும் பாட்டு. இடைவெளியை நீக்கினால் 28 எழுத்து, ஒவ்வொன்றும் நெடில், ஆக 56 கோட் பாயின்ட், 168 பைட். பழைய புரோகிராம் முதல் எழுத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தது. புதியது தேற்றிவிட்டது. சீர்காழிப் பிள்ளை எழுத்தெண்ணிப் பாடிய பாட்டை எண்ணுவதற்கு எனக்கு ஒரு கூடுதல் தொகுப்பு தேவைப்பட்டது.

இதற்குள் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று நான் எண்ணவில்லை. பருப்பு குழைந்துவிட்டது.

பட்டியலை ஓட்டினேன். கைரேகை, குடகு, திகதி, வினவி, கற்க, தந்த, யானையா, மாறுமா, காக்கா, மாமா என்று வரிசையாக வந்து விழுந்தன. மகளைக் கூப்பிட்டேன். நோட்டோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினாள். 'திகதி' என்றால் என்ன என்று கேட்டாள், இலங்கையில் தேதியை அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். இருபது நிறைந்த பிறகும் நோட்டை மூடவில்லை. திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா வருது, மாமா வருது, பாப்பா வருது, காக்காகூட வருது. அம்மா எங்க?"

அ, ம், மா. திருப்பினால் மா, ம், அ. வராது என்று எழுதிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ என்று எழுதினாள். விரலை வலதுபக்கத்திலிருந்து இடதுபக்கமாக ஒருமுறை ஓட்டினாள்.

"இங்கிலீஷ்ல வருதும்மா. ஆனா இது தமிழ் ஹோம்வொர்க்."